தொண்ணூறு மில்லி

வரவில்லை. மூன்று பாட்டில் தண்ணீர் குடித்தாகிவிட்டது, நாலாவதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. ஆட்டம் முடிந்தது ஒன்று நாற்பதுக்கு. இப்போது மணி இரண்டரை. தாய்லாந்துக்காரியின் கையைக் குலுக்கிவிட்டு நாற்காலியில் வந்து விழுந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, அழுவதா சிரிப்பதா என்று துண்டுக்குள்ளேயே இருந்துகொண்டிருந்தபோது யாரோ தோளைத் தொட்டார்கள். எடுத்துப் பார்த்தால் நீலக் காட்டன் சேலையில் ஓர் அம்மா, ஐம்பது வயதிருக்கும், கழுத்தில் அட்டை தொங்குகிறது. "பியூலா ஞானராஜுங்களா? நான் டோப்பிங் கன்ட்ரோல்ல இருந்து வர்றனுங், ஊக்கமருந்து டெஸ்ட்டுக்கு. துளசிமணி. இதுல ஒரு கையெழுத்துப் போட்டுருங்க கண்ணு. இனி யூரின் குடுத்து முடியற வரைக்கும் நீங்க எங்கண்ணு முன்னாலயேதான் இருக்கோணும்." கையெழுத்துப் போட்டேன். பேனாவில் என் வியர்வை ஒட்டிக்கொண்டது, அந்தம்மா அதைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டார். கேலரியில் யாரோ இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். கால் இறுதி. என் வாழ்நாளில் நான் ஜெயித்த முதல் கால் இறுதி. அந்தக் கைதட்டலை நான் கேட்டுக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டேன், ஆனால் காதில் விழுந்ததெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்பதுதான்.

ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி. ஆறு நாள். ஞாயிற்றுக்கிழமையைச் சேர்க்காமல் எண்ணினால் ஐந்து. மதியம் மூன்று மணிக்கு ஊசி போட்டது என்று வைத்தால், இப்போது இரண்டரை, ஐந்து நாளுக்கு அரை மணி குறைவு. எப்படி எண்ணினாலும் ஏழு வரவில்லை. ஏழு நாள் என்பதுதான் அந்தத் தாளில் இருக்கும் கேள்வி. டென்னிஸ் கிளப்பின் சீட்டாட்ட அறையைத்தான் சோதனை அறையாக்கியிருக்கிறார்கள், பச்சைத் துணி போட்ட மேஜைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் ஒன்றை மட்டும் விட்டிருக்கிறார்கள், அதன் பின்னால் டாக்டர் நளாயினி உட்கார்ந்திருக்கிறார், சென்னையிலிருந்து வந்தவர், அதிகம் பேசாதவர், கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவிட்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார். மேஜைமேல் வெள்ளைத் தெர்மோகோல் பெட்டிகள், அவற்றுக்குள் கண்ணாடி பாட்டில்கள். பக்கத்தில் என் தாள். தலைகீழாக இருந்தாலும் என்னால் படிக்க முடிகிறது. கடந்த ஏழு நாட்களில் எடுத்துக்கொண்ட மருந்து, மாத்திரை, ஊசி, சத்துப்பொடி. கீழே ஆறு வெற்று வரிகள். எதற்கு ஆறு? ஒரு மனுஷி ஏழு நாளில் ஆறு மருந்தா சாப்பிடுவாள்? ஒன்றே போதும். இல்லை, ஒன்றும் இல்லை என்று ஒரு கோடு போட்டாலும் போதும். கோடு போடுவதற்கு எவ்வளவு நேரம் ஆகும்? சர்வ் போடுவதற்கு முன் பந்தை மூன்று முறை தட்டுவேனே, அவ்வளவுகூட ஆகாது. தண்ணீரைக் குடி. குடித்தால் கரையும் என்று யாரோ சொன்னார்கள். கரையாது, எவ்வளவு குடித்தாலும் அது இருக்கும் என்றும் யாரோ சொன்னார்கள். இரண்டையும் ஒரே ஆள்தான் சொன்னாரோ என்னவோ. நாலாவது பாட்டிலின் மூடியைத் திருகினேன். குளிர்ந்த தண்ணீர் பல்லில் பட்டுக் கூசியது.

"நல்லா ஆடுனீங்க கண்ணு," என்றார் துளசிமணி. பெண்கள் கல்லூரியில் பி.டி. டீச்சராம், இந்த வேலைக்கு ஒருநாள் பயிற்சி கொடுத்துக் கூட்டி வந்திருக்கிறார்களாம். பக்கத்து நாற்காலியில், முழங்கால் என் முழங்காலில் இடிக்கும் தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். "அந்த மூணாவது செட்டுல நாலுக்கு அஞ்சுன்னு இருக்கறப்ப வலப்பக்கம் ஓடிப் போயி ஒண்ணு எடுத்தீங்களே, எனக்கு நெஞ்சே நின்னுபோச்சுங். டிசம்பர்ல இதே கோர்ட்டுலதான் உங்களைப் பார்த்தேன். அப்ப காலுல கட்டுக் கட்டிக்கிட்டு நொண்டி நொண்டி ஆடுனீங்க, பாதியில போயிட்டீங்க. இப்ப நல்லாயிருச்சுங்களா?" டாக்டரின் பேனா நின்றது. நின்றதா? தாளைத் திருப்புவதற்காக நிறுத்தினாரா? "நல்லாயிருச்சு மேடம்," என்றேன். "எக்சர்சைஸ்." பேனா மறுபடி ஓடியது. எக்சர்சைஸ். அந்த வார்த்தை எங்கிருந்து வந்தது, நான் தேடவேயில்லை, நாக்கு நுனியில் தயாராக இருந்திருக்கிறது. இடது முட்டியை மெதுவாக மடக்கிப் பார்த்தேன். நீட்டினேன். ஒன்றுமில்லை. எட்டு மாதமாக இந்த முட்டி என்னைத் தூங்கவிட்டதில்லை. படி இறங்கும்போது ஒரு குத்து, கழிப்பறையில் உட்காரும்போது ஒரு குத்து, சர்வ் போட்டுத் தரையிறங்கும்போது ஆணியை அடிப்பதுபோல் ஒன்று. இன்று இரண்டு மணி ஐம்பது நிமிஷம் ஓடியிருக்கிறேன், ஒன்றுமில்லை. முதல் செட்டில் சந்தோஷமாக இருந்தது. இரண்டாவது செட்டில் அதை மறந்துபோனேன். மூன்றாவது செட்டில் அந்த வலப்பக்கப் பந்துக்கு ஓடியபோது, இந்தக் கால் யாருடையது என்று ஒரு கணம் பயமாக இருந்தது. வலி இருந்தால் எவ்வளவு தூரம் ஓடலாம் என்று அது சொல்லும். இன்று யாரும் எதுவும் சொல்லவில்லை. உள்ளே என்ன கிழிந்துகொண்டிருக்கிறதோ.

அக்காதான் போட்டாள். எனக்கு ஒன்றும் தெரியாது. வலிக்கான ஊசி என்று சொன்னாள், நான் என்ன ஊசி என்று கேட்கவில்லை, அவள் நர்ஸ், என் சொந்த அக்கா, நான் ஏன் கேட்க வேண்டும். இப்படித்தான் சொல்ல வேண்டும். இதே வரிசையில். நர்ஸ் என்பதை முதலில் சொல்லி, அக்கா என்பதைப் பிறகு சொன்னால் இன்னும் நன்றாக இருக்குமோ. வடக்கத்திப் பெண் ஒருத்தி, என்னோடு நாலைந்து ஊர்களில் ஆடியவள், போன வருஷம் இதே சோதனையில் மாட்டிக்கொண்டபோது பிசியோ கொடுத்தார், எனக்குத் தெரியாது என்றாள். நாலு வருஷம் தடை என்று சொன்னதை ஆறு மாதமாகக் குறைத்துவிட்டார்கள். இப்போது மறுபடி ஆடிக்கொண்டிருக்கிறாள், போன வாரம்கூட ஒரு ரவுண்டு ஜெயித்தாள். அந்த பிசியோ எங்கே என்று யாரும் கேட்பதில்லை. நல்ல மனுஷன். எல்லாப் பெண்களுக்கும் கணுக்காலில் டேப் ஒட்டிவிடுவார், ஒட்டும்போது பழைய பாட்டு ஏதாவது முணுமுணுப்பார். இப்போது எந்த டோர்னமென்ட்டிலும் அவரைப் பார்க்க முடிவதில்லை. அக்காதான் போட்டாள். எனக்கு ஒன்றும். இந்த இடத்தில்தான் வந்து சிக்குகிறது, ஒவ்வொரு முறையும் இதே இடத்தில், 'தெரியாது' என்பதற்குச் சற்று முன்னால். விடு. வேறு ஏதாவது நினை. தண்ணீரை நினை. குழாய், மழை, கடல்.

கடல். தூத்துக்குடி துறைமுகக் குடியிருப்பில் ஆபீசர்ஸ் கிளப்புக்குப் பின்னால் ஒரே ஒரு சிமென்ட் கோர்ட். அப்பா கிரேன் ஓட்டுபவர், ஆபீசர் கிடையாது, ஆனால் காலை ஐந்தரையிலிருந்து ஏழு வரை எந்த ஆபீசரும் வருவதில்லை என்பதால் வாட்ச்மேன் விட்டுவிடுவார். நிலக்கரித் தூள் காற்றில் வந்து கோர்ட் முழுக்கப் படிந்திருக்கும். புதுப் பந்து பத்து நிமிஷத்தில் கறுத்துவிடும். எனக்குப் பந்து வீசியது கிரேஸ்லின் அக்கா. அவளுக்கு டென்னிஸ் பிடிக்காது. பிடிக்காது என்றால் கொஞ்சமும் பிடிக்காது. பதினைந்து, முப்பது, அப்புறம் ஏன் நாற்பது, நாற்பத்தைந்து எங்க போச்சு என்று ஒருநாள் கேட்டாள், எனக்குச் சொல்லத் தெரியவில்லை, கிறுக்குப் பயலுவ ஆட்டம் என்று சொல்லிவிட்டு அதற்குமேல் எதையும் கேட்கவில்லை. ஆனால் வீசினாள். அப்பாவுக்கு ஷிஃப்ட் என்பதால், அம்மாவுக்கு மூச்சிரைப்பு என்பதால், வேறு ஆள் இல்லை என்பதால், எட்டு வருஷம், பக்கெட்டில் நாற்பது பந்துகளை வைத்துக்கொண்டு, வலையோரம் நின்று, ஒரு கையில் பயாலஜி புத்தகம். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே வீசுவாள், ஆனால் நான் சொன்ன இடத்தில் விழும். நாற்பதும் முடிந்ததும் இரண்டு பேருமாகப் பொறுக்குவோம். நர்சிங் படிக்க அவள் நாகர்கோவிலுக்குப் போன அன்று, பஸ் ஏறும்போது, இனி ஒனக்கு எவ வீசுவா என்று கேட்டாள். அழுதது அவள்தான். எனக்கு அடுத்த வாரம் திருச்சியில் மேட்ச், நான் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றும் ஃபோன் செய்தால் ஒரே கேள்விதான். ஏட்டி, ஜெயிச்சியா தோத்தியா, அத மட்டும் சொல்லு.

தோத்தேன்க்கா, தோத்தேன்க்கா. இரண்டு வருஷம் நாலு மாதம், இவ்வளவுதான் நான் புரொஃபஷனல் ஆட்டக்காரியாக இருந்தது, அதில் பெரும்பாலும் இந்த ஒரே பதில். துனிசியாவில் ஏழு வாரம் இருந்தேன், ஒரே ஓட்டல், ஒரே கோர்ட், ஒவ்வொரு வாரமும் ஒரு டோர்னமென்ட், ஏழு வாரத்தில் இரண்டு மேட்ச் ஜெயித்தேன். அங்கே என்னைப்போல் நூறு பெண்கள், எல்லா தேசத்திலிருந்தும், காலையில் வாஷிங் மெஷினுக்கு வரிசையில் நிற்போம், ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்க மாட்டோம், மதியம் ஒருத்தியை ஒருத்தி தோற்கடிக்க வேண்டுமே. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி என்னை ஆறு பூஜ்ஜியம், ஆறு ஒன்று என்று அடித்துவிட்டு வலையருகே வந்து, உன் கால் சரியில்லை, வீட்டுக்குப் போ என்றாள். அக்கறையாகத்தான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. ஊருக்கு வந்ததும் எலும்பு டாக்டர் படத்தை விளக்கில் பிடித்துப் பார்த்து, ஆறு மாசம் ராக்கெட்டத் தொடாத, தொட்டா முப்பது வயசுல படியேற மாட்ட என்றார். ஆறு மாதம் ஆடாவிட்டால் போன வருஷத்துத் தரவரிசைப் புள்ளிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்துவிடும். எழுநூற்று நாற்பத்திரண்டாவது இடம். உலகத்தில் எழுநூற்று நாற்பத்தோரு பெண்கள் என்னைவிட நன்றாக ஆடுகிறார்கள் என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள், ஆனால் அந்த எண் இல்லாவிட்டால் நான் யார்? எண் போய்விட்டால் எந்த டோர்னமென்ட்டிலும் பெயர் கொடுக்க முடியாது, மறுபடி முதலிலிருந்து. மறுபடி முதலிலிருந்து தொடங்க வேறொரு முட்டி வேண்டும். நான் ஆடினேன். மாத்திரை போட்டு ஆடினேன், கட்டுக் கட்டி ஆடினேன், டிசம்பரில் இதே கோர்ட்டில் பாதியில் வெளியேறினேன், கட்டை அவிழ்த்துப் பார்த்தபோது முட்டி இருந்த இடத்தில் ஒரு தேங்காய் இருந்தது. வருகிறது. இல்லை, வருவதுபோல் இருக்கிறது. "மேடம், ட்ரை பண்ணிப் பாக்கட்டுமா?"

மூன்று பிளாஸ்டிக் கப்புகளில் ஒன்றை எடுக்கச் சொன்னார் டாக்டர். எது வேண்டுமானாலும். நடுவில் இருந்ததை எடுத்தேன், உடனே ஓரத்தில் இருந்ததை எடுத்திருக்கலாம் என்று பட்டது, எதை எடுத்தால் என்ன. கழிப்பறைக்குள் துளசிமணியும் வந்தார். பனியனை நெஞ்சுவரை தூக்க வேண்டும், கீழே முழங்கால்வரை இறக்க வேண்டும், கையை முழங்கைவரை சுருட்ட வேண்டும், கதவு சாத்தக் கூடாது, நான் பார்க்க வேண்டும் என்று அந்தம்மா சுவரைப் பார்த்துச் சொன்னார். "தப்பா நெனைக்காதீங்க கண்ணு. எனக்குந்தான் சங்கடமா இருக்குதுங். ஆனா பாக்கோணும்னு சொல்லியிருக்காங்க." பார்த்தார். நான் எதிர்ச்சுவரில் இருந்த ஓட்டையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை இடுப்பில் ஊசி போட்ட இடத்தில் இன்னும் ஒரு சின்னக் கறுப்பு வட்டம் இருக்கிறது, ஐந்து ரூபாய் நாணயத்தில் பாதி. அந்தம்மாவுக்கு அது தெரியும் பக்கமாக நான் நின்றிருக்கிறேன் என்று தெரிந்த கணத்தில் வந்துகொண்டிருந்தது நின்றுவிட்டது. முக்கினேன். இல்லை. கப்பைத் தூக்கிப் பார்த்தால் அடியில் கொஞ்சம். டாக்டர் அதை வாங்கிக் கண்ணெதிரே வைத்துக் கோட்டைப் பார்த்தார். "நாப்பது. தொண்ணூறு வேணும்மா. இதை சீல் பண்ணி வெச்சிடறேன். மீதி வரட்டும், அவசரமில்லை." கறுப்பு வட்டத்தைப் பற்றித் துளசிமணி ஒன்றும் சொல்லவில்லை. பார்க்கவில்லையா? பார்த்துவிட்டு, அது தன் வேலையில்லை என்று இருந்துவிட்டாரா? நாற்காலியில் உட்கார்ந்ததும் சேலை மடிப்பைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பில் ஏதோ இருந்தது. இரக்கமா? இரக்கமாக இருக்கக் கூடாது. வேறு எதுவாக இருந்தாலும் பரவாயில்லை.

நாற்பது. மீதி ஐம்பது என் உள்ளே இருக்கிறது. இப்போது எழுந்து போய்விட்டால்? மறுத்தாலும் அதே தண்டனைதான். புனேயில் ஒருநாள் எங்களையெல்லாம் உட்காரவைத்துப் பாடம் நடத்தினார்கள், உங்கள் உடம்புக்குள் போவதற்கெல்லாம் நீங்கள்தான் பொறுப்பு என்று பெரிய எழுத்தில் திரையில் போட்டார்கள், நான் பின்வரிசையில் கொடுத்த பிஸ்கட்டைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஆனால் கேட்டேன். அந்த இணையப் பக்கத்தின் பெயரைக் குறித்துக்கொண்டேன், எந்த மருந்தின் பெயரைப் போட்டாலும் சிவப்பா பச்சையா என்று சொல்லும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய்விட்டு வந்தோம். அம்மா பிரியாணிக்கு அரிசி ஊறப்போட்டிருந்தாள். அப்பா காலை ஷிஃப்ட், அவர் வந்துதான் சாப்பாடு. அக்கா கைப்பையிலிருந்து பஞ்சில் சுற்றிய ஒன்றை எடுத்துக் கட்டிலில் வைத்தாள், அவள் வேலை செய்யும் ஆஸ்பத்திரியில் வயசானவர்களுக்கு முட்டிவலிக்குப் போடுவது, டாக்டர் சீட்டு இல்லாமல் எடுத்து வந்தது. இதைத் திருட்டு என்று எங்கள் இரண்டு பேருக்கும் சொல்லத் தோன்றவில்லை. கை கழுவப் போனாள். குழாய்ச் சத்தம் கேட்டது. நான் பஞ்சை விலக்கிப் பார்த்தேன். நீளமான பெயர். பதினாறு எழுத்து இருக்கும். பார்க்கவில்லை என்றுதான் இவ்வளவு நேரமும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். பார்த்தேன். ஃபோனை எடுத்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். சிவப்பு. போட்டி நாட்களில் தடை, உடம்பை விட்டுப் போக இத்தனை நாள் ஆகும் என்றும் போட்டிருந்தது. செவ்வாய்க்கிழமை எனக்கு முதல் மேட்ச். ஃபோனை அணைத்தேன், பஞ்சை இருந்தபடியே சுற்றி வைத்தேன். அக்கா கையை உதறிக்கொண்டே வந்து, மருந்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, உடைக்கும் முன் கேட்டாள். ஏட்டி, இத போடலாமா? ஒங்க ஆட்டத்துக்கு ஒண்ணும் ஆவாதுல்லா? கேட்டாள். அவள் கேட்டாள். "ஆவாதுக்கா. நான் பாத்துட்டேன். போடு" என்றேன். பாத்துட்டேன். அந்த ஒரு சொல்லில் பொய்யில்லை என்று குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு நினைத்தேன். அவள் பஞ்சால் தேய்த்துவிட்ட இடம் குளிர்ந்தது. பிரியாணி வாசனை வந்துகொண்டிருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு வந்தது. ஒன்றும் செய்யாமல், எதையும் நினைக்காமல், திடீரென்று, அடக்க முடியாமல். துளசிமணியை நான்தான் இழுத்துக்கொண்டு ஓடினேன். இந்த முறை அந்தம்மா எங்கே பார்க்கிறார் என்று பார்க்கவில்லை. இரண்டையும் சேர்த்தபோது நூற்றுப் பதினைந்து. நானே என் கையால் இரண்டு கண்ணாடி பாட்டில்களில் ஊற்றினேன், நானே மூடியைத் திருகினேன். திருகத் திருக நக் நக் என்று ஒரு சத்தம், ஒரு கட்டத்துக்குமேல் திரும்பவில்லை. "இனி லேப்லதான் திறக்க முடியும். நம்பர் சரியா இருக்கான்னு பாருங்க," என்றார் டாக்டர். பார்த்தேன். சரியாக இருந்தது. அப்புறம் தாளை என் பக்கமாகத் திருப்பினார். பெயர், பிறந்த தேதி, ஊர். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, நூறு பேரிடம் கேட்ட அலுப்போடு கேட்டார். "கடைசி ஏழு நாள்ல ஏதாவது மருந்து?" ஆறு வரிகள். ஒரு கோடு. கோடு போட்டால், மாட்டினால், அக்கா. வடக்கத்திப் பெண் ஆறு மாதம்தான். ஆறு மாதம் ஆடாமல் இருந்தால் முட்டிகூடச் சரியாகிவிடும். என் மனம் எவ்வளவு வேகமாகக் கணக்குப் போடுகிறது. அக்காவைக் கூப்பிட்டு உட்காரவைத்து, யார் கொடுத்தது, எங்கே எடுத்தாய், யார் சீட்டு எழுதினார் என்று கேட்பார்கள். தங்கச்சியிடம் கேட்டேன், போடலாம் என்றாள் என்று சொல்லுவாளா? சொல்ல மாட்டாள். அவள் சொல்ல மாட்டாள் என்பது எனக்குத் தெரியும், ஞாயிற்றுக்கிழமையே தெரியும், அந்தத் தலையணைக்குள் முகம் வைத்திருந்தபோதே தெரியும். அதனால்தான் போடு என்றேனா? பேனாவை எடுத்தேன். எழுதினேன். பதினாறு எழுத்து, இடுப்பில் ஊசி, ஞாயிறு, மதியம் மூன்று மணி.

டாக்டர் தாளை வாங்கிப் படித்தார். படித்ததை மறுபடி படித்தார். கண்ணாடிக்குமேல் என்னைப் பார்த்தபோது அலுப்பு போயிருந்தது. "டாக்டர் சீட்டு இருக்கா? முன்கூட்டியே அனுமதி வாங்கியிருக்கீங்களா?" இல்லை என்றேன். "இது என்ன மருந்துன்னு தெரியாம போட்டுக்கிட்டீங்களா?" அந்தக் கேள்வியை அவர் எப்படிக் கேட்டார் என்றால், 'ஆமாம்' என்று பாதி பதிலையும் அவரே சேர்த்துக் கேட்டார், ஒரு பெரிய மனுஷி ஒரு சின்னப் பெண்ணுக்குக் கதவைத் திறந்து பிடிப்பதுபோல் கேட்டார். துளசிமணி கையிலிருந்த அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நிஜமாகவே அதைத்தான் சொல்லப் போனேன். "தெரியும் மேடம்," என்றது வாய். "பாத்துட்டுத்தான் போட்டேன். போட்டவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அதையும் இதுல எழுதலாமா?" டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "எழுதணும்னு கட்டாயம் இல்லை. நான் உங்க இடத்துல இருந்தா யாரையாவது கலந்துக்கிட்டு அப்புறம் பேசுவேன். நாலு வருஷம்மா. இருபத்திரண்டு வயசு உங்களுக்கு." குறிப்புகள் என்று ஒரு கட்டம் இருந்தது. எழுதினேன். இடம் போதாமல் கடைசி வரி கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அடித்துவிட்டுத் திரும்ப எழுதலாமா என்று கேட்டேன், வேண்டாம், புரிகிறது என்றார். நகல் தாளைக் கிழித்துக் கொடுத்தார். "முடிவு வர மூணு நாலு வாரம் ஆகும். அது வரைக்கும் நீங்க ஆடலாம்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

வெளியே வெயில் அப்படியேதான் இருந்தது. மூன்றாம் கோர்ட்டில் யாரோ பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள், பந்து படும் சத்தம் சீராக வந்தது. துளசிமணி வாசல்வரை வந்து, என் முதுகில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, உள்ளே திரும்பிப் போனார். ஃபோனை ஆன் செய்ததும் அடித்தது. அக்கா. டியூட்டியில் இருக்கும்போது அவள் ஃபோன் செய்வதில்லை, எப்படியோ தெரிந்திருக்கிறது. "ஏட்டி, ஜெயிச்சியாமே? அப்பா அழுதாவட்டி, கிரேன் மேல இருந்துகிட்டு ஃபோனப் போட்டு அழுதாவ. கால் எப்படி இருக்கு?"

"வலிக்கலக்கா."

"நான் சொன்னம்லா."

"அக்கா. டோப் டெஸ்ட் எடுத்தாவ. அந்த ஊசி அதுல தெரியும். அத நான் போட்டிருக்கக் கூடாது."

வார்டுச் சத்தம் கேட்டது, யாரோ இருமினார்கள், தள்ளுவண்டிச் சக்கரம் ஒன்று கீச்சிட்டுக்கொண்டே போனது. நீ பாத்துட்டேன்னு சொன்னியே என்று கேட்பாள் என்று காத்திருந்தேன். கேட்டால் நன்றாக இருக்கும் என்று நினைத்தேன். "இங்க பாரு," என்றாள், குரலைத் தாழ்த்தி, வேகமாக. "நான் ஒங்கிட்ட ஒண்ணும் கேக்கல. நீயும் ஒண்ணும் சொல்லல. வலி ஊசின்னு சொல்லி நானாத்தான் போட்டேன். எவன் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், கேட்டியா?"

"நீ கேட்டக்கா."

"நான் எங்கட்டி கேட்டேன்? கேக்கல."

"எழுதிக் கொடுத்துட்டேன். எனக்குத் தெரியும்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுட்டேன். ஒம் பேர எழுதல. ஆனா கேப்பாவ."

கிறுக்கி என்று மட்டும் சொன்னாள், அதுவும் எனக்குச் சொன்னதா தனக்குச் சொன்னதா தெரியவில்லை. நாளைக்கு ஆடப் போவதில்லை என்றேன். சரி என்றாள். பின்னாலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது, சிஸ்டர், சிஸ்டர் என்று. வச்சிராத, லைன்லயே இரு என்று சொல்லிவிட்டு அக்கா ஃபோனை எங்கோ வைத்தாள், அவள் காலடிச் சத்தம் தூரப் போனது. நான் வைக்கவில்லை. படியில் உட்கார்ந்தேன், முட்டி சுலபமாக மடங்கிக் கொடுத்தது. இன்னொரு பக்கத்திலிருந்து ஓர் ஆண் குரல், சிஸ்டர், பாட்டில் தீர்ந்துபோச்சு. அதற்கும் அப்பால் ஒரு குழந்தை அழுதது. வாரேன், வாரேன் என்று அக்கா எங்கிருந்தோ பதில் சொன்னாள். மறுபடி யாரோ கூப்பிட்டார்கள். ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அந்த வார்டில் எத்தனை பேர் அவளை அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.